பெங்களூரு – சான் ஃபிரான்சிஸ்கோ: தூரம் கம்மியான ரூட்டுல ஏன் டைம் அதிகமா காட்டுது?

சில்க்போர்டு_செந்தில்

எல்லாருக்கும் வணக்கம். அக்கா சான் ஹோசேல இருக்காங்க, அம்மாவ ஜூலைல அங்க அனுப்பணும், டிசம்பர்ல திரும்பி வருவாங்க. அம்மா ஊரு சேலம், வயசு 67, தனியா தான் போறாங்க, இங்கிலீஷ் படிச்சா புரியும் ஆனா பேச கூச்சம், முட்டி வலி வேற. ஏத்திவிடறது நம்ம பெங்களூரு ஏர்போர்ட்ல இருந்து தான்.

டிக்கெட் ரேட்டு பத்தி கேக்கல, கணக்கு தான் இடிக்குது. மேப்ல கோடு போட்டா பெங்களூருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் 13,993 கிலோமீட்டர்னு வருது, அதாவது 14,000-க்கு ஏழு கம்மி. பிளேன் மணிக்கு 900 போகுதுன்னு வச்சா பதினஞ்சரை மணி நேரம் சொச்சம். நேரா ஃபிளைட் வேணாம், அம்மாவால ஒரே மூச்சுல உக்கார முடியாது, நடுவுல ஒரு எடத்துல எறங்கி ஏறுற மாதிரி தேடுறேன். துபாய் வழின்னா ரெண்டு துண்டையும் கூட்டி 15,700 கிலோமீட்டர். ஃபிராங்ஃபர்ட் வழி 16,550. சிங்கப்பூர் வழி 16,750. அப்ப துபாய் தான சீக்கிரம் போகணும்? ஆனா வெயிட்டிங்க கழிச்சிட்டு காத்துல பறக்குற நேரத்த மட்டும் கூட்டிப் பாத்தா துபாய் வழி 4 + 16 = 20 மணி நேரம், சிங்கப்பூர் வழி நாலரை + 15 = பத்தொன்பதரை. ஆயிரம் கிலோமீட்டர் சுத்திப் போறவன் அரை மணி நேரம் முன்னாடி போறானாம். வெப்சைட்ல தப்பா போட்டிருக்கானா இல்ல எனக்குத் தான் கூட்டத் தெரியலயா?

ஒயிட்ஃபீல்டு_ராகவி

கூட்டல் சரி தான் செந்தில், வெப்சைட்டும் சரி தான். கடைசித் துண்ட மட்டும் எடுத்துக்கோங்க. துபாய்ல இருந்து சான் ஃபிரான்சிஸ்கோ 13,020 கிலோமீட்டர், 16 மணி நேரம், அப்ப சராசரி மணிக்கு 814. சிங்கப்பூர்ல இருந்து 13,580 கிலோமீட்டர், 15 மணி நேரம், சராசரி 905. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பெரிய பிளேன் தான், என்ஜின் ஒண்ணும் ஓவர்டைம் பாக்கல. அந்த 90 கிலோமீட்டர் வித்தியாசம் எங்க இருந்து வருதுன்னு பாத்தா வெடை கெடைச்சிரும். காத்து தான்.

இன்னொண்ணு, அந்த 16 மணி நேரம்னு டிக்கெட்ல போடறது வெறும் பறக்குற நேரம் இல்ல. கேட்ட விட்டு நகர்ற நிமிஷத்துல இருந்து அந்தப் பக்கம் கேட்ல போய் நிக்கிற வரைக்கும் கணக்கு. ரன்வேக்குப் போற பாதைல ஊந்துறது, ரன்வேக்கு க்யூ, எல்லாம் அதுல அடங்குது. லேட் ஆனா கெட்ட பேரு வரும்னு ஏர்லைன்ஸ்காரங்க கொஞ்சம் தாராளமாவே போட்டு வைப்பாங்க, அதனால தான் சில சமயம் அர மணி நேரம் முன்னாடியே வந்துட்டோம்னு கேப்டன் பெருமையா அனௌன்ஸ் பண்றாரு.

கே_ஆர்_புரம்_மணி

இதுல என்ன பெரிய ரகசியம் இருக்கு, பூமி மேக்க இருந்து கெழக்க சுத்துது. அப்ப மேக்க போற பிளேனுக்குத் தான ஈஸி? நாம மேல போய் சும்மா நின்னா போதும், அமெரிக்கா அதுவே சுத்தி வந்து கீழ நிக்கணும். ஆனா இவங்க சொல்றது உல்டாவா இருக்கு, கெழக்க போறவன் சீக்கிரம் போறானாம். யாராச்சும் லாஜிக் சொல்லுங்க பாப்போம்.

நைட்ஷிப்ட்_நாகு

மணி அண்ணே, அப்படின்னா ஹெலிகாப்டர்ல ஏறி ஹெப்பால் மேல நின்னா போதுமே, ஒரு மணி நேரத்துல மங்களூரத் தாண்டி அரபிக்கடல்ல போய் விழுவோம். 😄

விமானபுரம்_பெரியவர்

மணி தம்பி கேட்டது நல்ல கேள்வி, கிண்டல் பண்ண வேணாம். நான் எச்ஏஎல்-ல, அதான் விமானம் செய்யற அரசாங்க கம்பெனில, வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், தெரிஞ்சத சொல்றேன்.

பெங்களூரு இருக்கற எடத்துல தரை மணிக்கு சுமார் 1,630 கிலோமீட்டர் வேகத்துல கெழக்க சுத்திக்கிட்டு இருக்கு. ஆனா தரை மட்டும் சுத்தல, அதோட ஒட்டி இருக்கற காத்தும் கூடவே சுத்துது. அப்படி இல்லன்னா நம்ம எல்லாரு மேலயும் மணிக்கு 1,630 கிலோமீட்டர் காத்து அடிச்சிருக்கும், ஒரு தென்னமரம் நிக்காது. பிளேன் தரையப் பிடிச்சிக்கிட்டு போகல, காத்தப் பிடிச்சிக்கிட்டு தான் போகுது. அதனால பூமி சுத்துறது நேரடியா கூட்டவும் இல்ல கழிக்கவும் இல்ல.

ஆனா மறைமுகமா ஒரு வேலை பண்ணுது. நம்ம பக்கம் சூடு, துருவப் பக்கம் குளிர். சூடான காத்து மேல ஏறி வடக்க போகப் பாக்குது. பூமி சுத்துறதுனால அது நேரா வடக்க போக முடியாம வலது பக்கமா திரும்பி கெழக்க ஓட ஆரம்பிக்குது. இது தரையில இருந்து 9, 10, 12 கிலோமீட்டர் உயரத்துல ஒரு குறுகலான வாய்க்கால் மாதிரி ஓடும், அது தான் ஜெட் ஸ்ட்ரீம். சரியா நம்ம பிளேன் பறக்குற உயரம். குளிர்காலத்துல மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலயும் போகும், ஜூலைல கொஞ்சம் சோம்பேறி ஆயிடும். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவுல பசிபிக் மேல ரொம்ப பலமா இருக்கும். சிங்கப்பூர்ல இருந்து போறவன் பாதி வழியில அதுல ஏறிக்கிறான்.

துபாய்க்காரன் கதை வேற. துபாய்ல இருந்து சான் ஃபிரான்சிஸ்கோக்கு உருண்டை மேல நேர் கோடு போட்டா அது வட துருவத்துக்கு 200 கிலோமீட்டர் பக்கத்துல போகும். அவன் கெழக்கயும் போகல மேக்கயும் போகல, நேரா வடக்க ஏறி அந்தப் பக்கம் தெக்க எறங்குறான். தள்ளிவிட காத்து கெடையாது.

நைட்ஷிப்ட்_நாகு

ஐயா சொன்னதுக்கு கூடுதலா ஒரு மேட்டர். இந்த ஜெட் ஸ்ட்ரீமை 1920-கள்லயே ஜப்பான்ல வசாபுரோ ஓயிஷின்னு ஒருத்தர் பலூன் விட்டு அளந்துட்டாரு. ஆனா ரிப்போர்ட்ட எஸ்பெராண்டோன்னு உலகத்துக்குப் பொதுவா இருக்கட்டும்னு உருவாக்கின ஒரு பாஷைல போட்டாரு, உலகம் பூரா படிக்கட்டும்னு. ஒருத்தரும் படிக்கல. ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்க பி-29 குண்டு வீச்சு விமானங்க ஜப்பான் மேல உயரத்துல பறக்கும்போது தான், எதிர்க்காத்துல நின்ன எடத்துலயே நிக்கிற மாதிரி ஆகி என்னடா இதுன்னு முழிச்சாங்க. ஜப்பான்காரன் அதே காத்துல 9,000-க்கு மேல குண்டு கட்டின பலூன அமெரிக்கா பக்கம் அனுப்பிவிட்டான், 1944 கடைசில இருந்து 45 வரைக்கும். பைலட் கெடையாது என்ஜின் கெடையாது, வெறும் காத்து தான், அதுல நூத்துக்கணக்குல நெஜமாவே போய் எறங்குச்சு.

இப்ப பக்கத்துல பாத்தா 2020 பிப்ரவரில நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, புயல் காத்துல மாட்டி, மாட்டின்னு சொல்லக்கூடாது ஜாலியா ஏறி உக்காந்து, 4 மணி 56 நிமிஷத்துல போயிருச்சு. தரைல பாத்தா மணிக்கு 1,300 கிலோமீட்டர் கிட்ட. சவுண்டு வேகத்தத் தாண்டிட்டானான்னு அப்ப ஒரே சண்டை. தாண்டல, ஏன்னா காத்துக்குள்ள அவன் வழக்கமான வேகத்துல தான் போனான், காத்தே ஓடிச்சு.

கே_ஆர்_புரம்_மணி

ஓகே ஐயா, தென்னமரம் எடுத்துக்காட்டுல விழுந்துட்டேன். ஆனா ஒண்ணு, சிங்கப்பூர்ல இருந்து அமெரிக்கா போகணும்னா மேப்ல பாத்தா நேரா பசிபிக் நடுவுல, ஹவாய் பக்கமா தான போகணும். இந்த ட்ராக்கிங் ஆப்ல பாத்தா ஜப்பான் பக்கம் வரைக்கும் மேல ஏறி அப்புறம் வளைஞ்சு எறங்குறான். காத்துக்காகவா அவ்ளோ சுத்துறான்?

ஒயிட்ஃபீல்டு_ராகவி

அது சுத்தல மணி, அது தான் நேர் ரூட்டு. சுவத்துல மாட்டற மேப்பு பொய் சொல்லுது. 1569-ல மெர்கேட்டர்னு ஒருத்தர் கப்பல்காரங்களுக்காகப் போட்ட முறை அது, திசை காட்டும் முள்ள வச்சு ஓட்டறதுக்கு வசதி, ஆனா வடக்க போகப் போக எல்லாத்தையும் இழுத்து இழுத்து பெருசாக்கிடும். அதுல கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே சைஸ் மாதிரி தெரியும், நெஜத்துல ஆப்பிரிக்கா பதினாலு மடங்கு பெருசு.

வீட்ல ஸ்கூல் பிள்ளைங்க க்ளோப் இருந்தா ஒரு தையல் நூல எடுங்க. ஒரு முனைய பெங்களூரு மேல கட்டை விரலால அழுத்துங்க, இன்னொரு முனைய சான் ஃபிரான்சிஸ்கோ மேல வச்சு நூலை இழுத்து டைட் பண்ணுங்க. நூல் பசிபிக் நடுவுல நிக்காது, வழுக்கிக்கிட்டு மேல ஏறும். இமயமலை, சீனா, சைபீரியா, ஆர்க்டிக் ஓரம், அப்புறம் அலாஸ்கா கனடா பக்கமா எறங்கும். என் பொண்ணு இத பண்ணிட்டு நூல் வழுக்குதும்மான்னு திரும்பத் திரும்ப ஹவாய் மேல இழுத்து வைக்கப் பாத்தா, நிக்கவே இல்ல. செந்தில் சொன்ன 13,993 அந்த நூலோட நீளம் தான்.

சில்க்போர்டு_செந்தில்

நூல் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன், மேல்வீட்டுப் பையனோட க்ளோப் வாங்கி. சூப்பர். சரி அப்ப அந்த நூல் மேலயே நேரா ஒரு ஃபிளைட் விட்டா? ஏர் இந்தியா பெங்களூருல இருந்து விட்டாங்கள்ல? அது இந்த ரூட்டுலயா போச்சு?

விமானபுரம்_பெரியவர்

2021 ஜனவரி. சான் ஃபிரான்சிஸ்கோல இருந்து 9-ஆம் தேதி ராத்திரி கெளம்பி 11-ஆம் தேதி விடியக்காலைல இங்க தேவனஹள்ளில எறங்குச்சு. காக்பிட்ல எல்லாரும் பெண்கள், கேப்டன் ஜோயா அகர்வால் தலைமை. போயிங் 777-200எல்ஆர், 17 மணி நேரம் கிட்ட. நேர் தூரம் 13,993 தான், ஆனா அவங்க வட துருவம் மேல போய் வந்ததுல பறந்த தூரம் சுமார் 16,000 கிலோமீட்டர்னு கம்பெனியே சொல்லுச்சு. அதாவது நூல் மேல யாரும் போறதில்ல தம்பி. காரணம் சொல்றேன்.

முதல் காரணம் திபெத். அந்த நூல் இமயமலை தாண்டி திபெத் பீடபூமி மேல போகுது. அங்க தரையே சராசரியா 4,500 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 15,000 அடி. கேபின்ல காத்தழுத்தம் போச்சுன்னா பைலட் என்ன பண்ணணும், மாஸ்க் விழும், அந்த ஆக்சிஜன் பயணிகளுக்கு கால் மணி நேரம் வாக்குல தான் வரும், அதுக்குள்ள 10,000 அடிக்கு எறக்கணும், அங்க தான் சாதாரணமா மூச்சு விட முடியும். திபெத் மேல 10,000 அடிக்கு எறக்கினா மலைக்குள்ள தான் போகணும். தப்பிக்கறதுக்கு தனியா வழி போட்டு வச்சிருந்தா தான் அங்க பறக்க விடுவாங்க, அதனால பெரும்பாலும் ஒதுங்கிப் போயிருவாங்க.

ரெண்டாவது, ரெண்டு என்ஜின் பிளேன் ஒரு என்ஜின் நின்னாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள ஏதாவது ஒரு ஏர்போர்ட்டுக்குப் போய்ச் சேர்ற மாதிரி தான் ரூட்டு போடணும். ஆர்க்டிக்ல அப்படி எறங்கற எடம் எண்ணி வச்ச மாதிரி தான். அப்புறம் குளிர். ஜெட் ஏ1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரில உறைய ஆரம்பிக்கும், துருவத்து மேல வெளிய அதுக்கும் கீழ போகறதுண்டு. டேங்க்ல இருக்கற எரிபொருளோட டெம்பரேச்சர காக்பிட்ல பாத்துக்கிட்டே வருவாங்க, ரொம்ப எறங்கிச்சுன்னா கொஞ்சம் கீழ எறக்குவாங்க இல்ல வேகத்தக் கூட்டுவாங்க.

மூணாவது நம்ம ஊரு விஷயம், யாரும் பேசறதில்ல. பெங்களூரு ஏர்போர்ட் கடல் மட்டத்துல இருந்து 3,000 அடி உயரம். உயரத்துல காத்து மெலிசு, வெயில் ஏறினா இன்னும் மெலிசு. றெக்கைக்கும் பிடிமானம் கம்மி, என்ஜினுக்கும் மூச்சு கம்மி. 777-200எல்ஆர் முழு எடையோட ஏறும்போது 347 டன், அதுல எரிபொருள் மட்டும் 145 டன் வரைக்கும் போகும். எரிபொருள சுமக்கறதுக்கே எரிபொருள் எரிக்கணும். சென்னை மாதிரி கடலோரத்துல இருந்து தூக்கற எடைய இங்க இருந்து அப்படியே தூக்க முடியாது. இங்க ரன்வே ரெண்டும் 4,000 மீட்டர் நீளம் போட்டிருக்கறது சும்மா இல்ல.

ஹெப்பால்_ஹரிணி

இத்தன நாள் ஏர்போர்ட் பக்கத்துலயே இருந்தும் இந்த 3,000 அடி மேட்டர் தெரியாது ஐயா. பெங்களூருல க்ளைமேட் நல்லாருக்குன்னு மட்டும் தான் அதுக்கு அர்த்தம்னு நெனச்சோம்.

அல்சூர்_டிராவல்ஸ்_பாபு

நான் டிக்கெட் போடற ஆளு, ஆனா இங்க வியாபாரம் பேசல. டெல்லி கதைய யாரும் சொல்லலயே. டெல்லி – சான் ஃபிரான்சிஸ்கோவ ஏர் இந்தியா 2015 டிசம்பர்ல ஆரம்பிச்சப்ப ஐரோப்பா அட்லாண்டிக் வழி மேக்க போனாங்க, சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபர்ல ஒரு நாள் அப்படியே திருப்பி கெழக்க, பசிபிக் வழியா விட்டாங்க. தூரம் 15,300. ஆனா பதினாலரை மணி நேரத்துல போய்ச் சேந்துட்டான், பழைய ரூட்ட விட ரெண்டு மணி நேரம் கிட்ட மிச்சம். 1,400 கிலோமீட்டர் கூடப் பறந்து ரெண்டு மணி நேரம் கம்மி! செந்தில் சார் டவுட்டுக்கு இத விட நல்ல உதாரணம் கெடையாது. திரும்பி வர்றப்பவும் கெழக்க பாத்து அட்லாண்டிக் வழி தான் வந்தான். அதாவது போயிட்டு வர்றதுக்குள்ள உலகத்த ஒரு சுத்து சுத்தி முடிச்சிடறான், எப்பவும் காத்து முதுகுல.

சில்க்போர்டு_செந்தில்

அப்ப நானும் அம்மாவுக்கு அதே மாதிரி போட்டா என்ன? போறப்ப சிங்கப்பூர், வர்றப்ப ஃபிராங்ஃபர்ட். உலகம் சுத்தின மாதிரியும் ஆச்சு 😀

அல்சூர்_டிராவல்ஸ்_பாபு

போடலாம், கணக்கும் சரியாத் தான் வரும். டிசம்பர்ல சான் ஃபிரான்சிஸ்கோல இருந்து சிங்கப்பூர் வழி வந்தா முதல் துண்டே 17 மணி நேரத்துக்கு மேல, ஜெட் ஸ்ட்ரீம் முழு பலத்துல மூஞ்சில அடிக்கும். ஃபிராங்ஃபர்ட் வழி வந்தா 11 மணி நேரம், எறங்கி கால நீட்டிட்டு அப்புறம் ஒரு 9 மணி நேரம். ஆனா போறதுக்கு ஒரு கம்பெனி, வர்றதுக்கு ஒரு கம்பெனின்னா பெரும்பாலும் ரேட்டு எகிறும். ரெண்டு கம்பெனியும் ஒரே கூட்டணில இருந்தா ஒரே டிக்கெட்டா போட வாய்ப்பு இருக்கு, அத முதல்ல பாருங்க.

தயவு செஞ்சு தனித்தனி பிஎன்ஆர்ல (புக்கிங் நம்பர்) ஒட்டுப்போட்டு போடாதீங்க. போன வருஷம் ஒருத்தர் ஏதோ வெப்சைட்ல ரெண்டு டிக்கெட்ட தனியா வாங்கி மாமியார அனுப்பினாரு. முதல் ஃபிளைட் லேட்டு, ரெண்டாவது போயிருச்சு, ரெண்டாவது கம்பெனிக்காரன் எனக்கு சம்பந்தமே இல்லன்னுட்டான். பெட்டிய நடுவுல வெளிய எடுத்து திரும்ப போடணும், அதுக்கு அந்த நாட்டு விசா வேணும், அந்தம்மாகிட்ட இல்ல. ராத்திரி பூரா சேர்ல உக்காந்து அழுதுருக்காங்க. ஒரே பிஎன்ஆர்னா கம்பெனியே அடுத்த ஃபிளைட்ல ஏத்தும், பெட்டியும் நேரா கடைசி வரைக்கும் போகும்.

கே_ஆர்_புரம்_மணி

பாகிஸ்தான் மேல பறக்க விடறதில்லன்னு நியூஸ்ல சொல்றாங்களே, அது இதுல எடம் பிடிக்குதா?

அல்சூர்_டிராவல்ஸ்_பாபு

நம்ம ஊர்ல இருந்து போறவங்களுக்கு பெருசா இல்ல. 2025 ஏப்ரல் கடைசில மூடுனாங்க, இந்திய கம்பெனி விமானங்களுக்கு மட்டும். அடி வாங்கினது டெல்லி, வட இந்தியா தான். டெல்லில இருந்து மேக்க போகணும்னா முதல்ல தெக்க எறங்கி குஜராத் பக்கம் கடலுக்கு வந்து அப்புறம் திரும்பணும். 2019-ல பாகிஸ்தான்ல பாலகோட் மேல நம்ம விமானப்படை தாக்குன சமயத்துலயும் இதே கதை, பிப்ரவரில இருந்து ஜூலை வரைக்கும். அப்ப இண்டிகோ டெல்லி – இஸ்தான்புல் புதுசா விட்டாங்க, சின்ன பிளேன், சுத்திப் போறதுக்கு எரிபொருள் பத்தாம தோஹால எறங்கி போட்டுக்கிட்டு போனாங்க. பெங்களூருல இருந்து துபாய் தோஹா போறவன் கெளம்பறதே அரபிக்கடல் பக்கம் தான், அவனுக்கு பாகிஸ்தான் வழியில இல்ல.

வளைகுடா வழில வேற ரிஸ்க் உண்டு. 2025 ஜூன் 23 ராத்திரி கத்தார் திடீர்னு வான்வெளிய மூடினப்ப நடு வானத்துல இருந்த ஃபிளைட்டெல்லாம் திரும்பி வேற வேற ஊர்ல எறங்குச்சு. சில மணி நேரத்துல திறந்துட்டாங்க, ஆனா கனெக்ஷன் குழப்பம் அதோட முடியல.

நைட்ஷிப்ட்_நாகு

வான்வெளி மூடறதுல ரொம்பப் பாவம் ஃபின்லாந்துக்காரன் தான். ஹெல்சிங்கி – டோக்கியோ ரஷ்யா மேல ஒன்பதரை மணி நேரம், ஆசியாவுக்கு நாங்க தான் பக்கம்னு அத வச்சே வியாபாரம் பண்ணிட்டு இருந்தான். 2022-ல ரஷ்யா மூடுனதும் 13 மணி நேரம். ஊரு நகரல, தூரம் நகரல, ரெண்டு ஊருக்கும் நடுவுல மூணரை மணி நேரம் புதுசா மொளைச்சிருச்சு.

ஜெயநகர்_ஜெயந்தி

நீங்க எல்லாம் காத்து, துருவம்னு பேசுங்க, நான் செந்தில் அம்மாவுக்கு வேண்டியத சொல்றேன். நானும் பையன் வீட்டுக்கு போயிட்டு வர்ற ஆளு தான்.

செந்தில் தம்பி, அந்த அரை மணி நேரத்த மறந்துடு. அம்மாவுக்கு முக்கியம் நீளமான துண்டு எவ்ளோங்கறது. 16 மணி நேரம் ஒரே சீட்ல முட்டி வலியோட உக்கார்றதும், 10 மணி நேரம், எறங்கி நடை, அப்புறம் பதினொன்றரை மணி நேரம் உக்கார்றதும் ஒண்ணு இல்ல. மொத்தம் கூட்டினா ஃபிராங்ஃபர்ட் தான் ஜாஸ்தி, ஆனா காலுக்கு அது தான் நல்லது. டாக்டர்கிட்ட கேட்டு அழுத்தமான சாக்ஸ் வாங்கிக் கொடு, கால்ல ரத்தம் கட்டாம இருக்கும். நடைபாதை ஓரம் சீட்டு கண்டிப்பா வாங்கு, ஜன்னல் வேணாம், நடுவுல ரெண்டு பேர எழுப்பி வெளிய வர கூச்சப்பட்டு தண்ணியே குடிக்க மாட்டாங்க நம்ம அம்மாங்க.

வீல்சேர் டிக்கெட் போடும்போதே கேளு, அப்புறம் ரெண்டு நாள் முன்னாடி ஒரு தடவ கூப்பிட்டு கன்ஃபார்ம் பண்ணு. எனக்கென்ன நடக்க முடியாதான்னு அம்மா கோவிச்சுப்பாங்க. நடக்கறதுக்கு இல்லம்மா, வழி கேக்கறதுக்குன்னு சொல்லு. வீல்சேர் தள்றவரு ஒரு கேட்ல இருந்து இன்னொரு கேட்டுக்கு அவரே கூட்டிட்டுப் போயிடுவாரு, போர்டு படிக்க வேணாம், ட்ரெயின் மாற வேணாம், இமிக்ரேஷன்லயும் தனி லைன். நடுவுல வெயிட்டிங் மூணு மணி நேரத்துல இருந்து நாலு மணி நேரம் இருக்கற மாதிரி பாரு. ஒன்றரை மணி நேரம்னு போட்டிருக்கறத வாங்காத, வீல்சேர் வர்றதுக்கே அர மணி ஆகும், பிளேன்ல கடைசியா எறக்குவாங்க.

சில்க்போர்டு_செந்தில்

ரொம்ப தேங்க்ஸ்க்கா. ஃபிராங்ஃபர்ட்ல மாறுறதுக்கு ஜெர்மனி விசா வேணுமா?

அல்சூர்_டிராவல்ஸ்_பாபு

அமெரிக்க விசா பாஸ்போர்ட்ல செல்லுபடியா இருக்குல்ல, அப்ப ட்ரான்சிட் விசா தேவையில்ல, வெளிய போகாம உள்ளயே மாறுற வரைக்கும். சிங்கப்பூர்லயும் உள்ளயே மாறினா விசா வேணாம். எதுக்கும் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ தூதரக சைட்ல பாத்துக்கோங்க, ரூல் மாறிக்கிட்டே இருக்கும்.

ஹெப்பால்_ஹரிணி

எல்லாரும் 14,000 கிலோமீட்டர் பேசறீங்க, சில்க் போர்டுல இருந்து தேவனஹள்ளி 45 கிலோமீட்டர் சொச்சம், அதுக்கு யாரு கணக்கு போடறது? சிங்கப்பூர் ஃபிளைட் ராத்திரி 11 மணி வாக்குல கெளம்பறதா பாத்தீங்கன்னா சாயங்காலம் அஞ்சு மணிக்கே வீட்ட விடணும், பீக் அவர், எங்க ஹெப்பால் ஃப்ளைஓவர்ல நீங்க நிக்கறத நான் பால்கனில இருந்து பாத்து கை காட்டறேன். நடு ராத்திரிக்கு அப்புறம் கெளம்பறதா இருந்தா ஒன்பதரை பத்துக்கு விட்டா போதும், ரோடு காலியா இருக்கும். சேலத்துல இருந்து அதே நாள் கூட்டிட்டு வராதீங்க, முதல் நாளே உங்க வீட்டுக்கு வந்து தூங்கட்டும்.

கே_ஆர்_புரம்_மணி

அஞ்சு மணிக்கு விட்டு எட்டு மணிக்கு போய்ச் சேந்தா மணிக்கு 15 கிலோமீட்டர். காத்து எதிர்க்காத்து போல 😂

சில்க்போர்டு_செந்தில்

சரி, கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டேன். போறது வர்றது ரெண்டும் ஃபிராங்ஃபர்ட் வழி, ஒரே பிஎன்ஆர், நடைபாதை சீட்டு, வீல்சேர். அம்மாகிட்ட போன்ல சொன்னேன், வட துருவம் மேல போகுமான்னு கேட்டாங்க. இல்லம்மா, கிரீன்லாந்து பக்கம் போகலாம்னேன். அங்க என்ன தெரியும்னாங்க. வெள்ளையா தெரியும்னு சொல்லிட்டேன். யாரோட ஜன்னல்லயாவது எட்டிப் பாத்துக்கறேன்னாங்க.

கடைசியா ஒண்ணு. டிக்கெட்ல போறப்ப அதே நாள் போய்ச் சேர்ற மாதிரி இருக்கு, வர்றப்ப ரெண்டு நாள் தள்ளி போட்டிருக்கு. திரும்பி வர அவ்ளோ லேட்டா?

ஒயிட்ஃபீல்டு_ராகவி

இல்ல செந்தில், கடிகாரம் தான். எல்லா டைமையும் நம்ம ஊர் டைமுக்கு மாத்திட்டு கூட்டுங்க, கொழப்பம் போயிரும். கோடைல சான் ஃபிரான்சிஸ்கோ நமக்கு பன்னெண்டரை மணி நேரம் பின்னாடி. நம்ம ஊர்ல விடியக்காலை 3 மணிக்கு கெளம்பி 25 மணி நேரத்துல போனா நம்ம டைம் அடுத்த நாள் காலை 4, அங்க அப்ப முந்தின நாள் மதியம் மூன்றரை. அதான் அதே நாள் மாதிரி தெரியுது. வர்றப்ப அங்க மதியம் 2 மணிக்கு கெளம்பினா இங்க ஏற்கனவே நடு ராத்திரி தாண்டி அடுத்த தேதி ஆயிருக்கும், அதுல இருந்து ஒரு நாள் பயணம் கூட்டினா ரெண்டு தேதி தாண்டிருச்சு.

டிசம்பர்னு சொன்னீங்கள்ல, இன்னொண்ணு கவனிச்சிக்கோங்க. நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க, அதுக்கப்புறம் வித்தியாசம் பதிமூன்றரை. இப்ப ஜூலைல நீங்க போட்டு வச்ச கணக்குல திரும்பற டைம் பாக்காதீங்க. ஏர்போர்ட்டுக்கு கூப்பிட வர்ற நேரத்த டிக்கெட்ல இருக்கற பெங்களூரு டைம வச்சே முடிவு பண்ணுங்க, அது உள்ளூர் டைம் தான்.